தண்ணீரில் வைத்த விரல்

மெல்போர்னில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடம். 1976ஆம் ஆண்டின் பிற்பகல் வெயில் ஆழமில்லாத தட்டிலிருக்கும் தண்ணீர்மேல் விழுந்துகிடக்கிறது. சத்தியபாமா ஊசிமுனையிலிருந்து ஒரு சொட்டு பாலிமர்க் கரைசலை விடுகிறாள். தண்ணீரில் தூவியிருந்த பவுடர் சட்டென்று ஓரங்களுக்கு ஒதுங்க, நடுவில் கண்ணுக்குத் தெரியாத படலம் விரிகிறது. மூன்று வாரமாகக் கிழிந்துகொண்டே இருந்தது, இன்றைக்குத்தான் நிலைத்து நிற்கிறது. அவள் மூச்சை அடக்கிக்கொள்கிறாள். மேலாளர் பாஸ்கர் இறைச்சி அடைத்த சொசேஜ் ரோலை மென்றபடி உள்ளே வருகிறார். கொழுப்பு வழியும் விரலை வாய்க்குள் விட்டுச் சப்பி, அதே விரலைத் தண்ணீரில் வைக்கிறார். "எங்கம்மா உன் படலம்? ஒண்ணுமே தெரியலையே!" பவுடர் வளையம் நெளிந்து உடைகிறது. விரல் பட்ட இடத்தில் எண்ணெய் வட்டம் மினுங்குகிறது, அதில் மென்ற இறைச்சித் துணுக்கொன்று மெல்லச் சுழல்கிறது. கதிரையில் தொங்கும் அவளுடைய வெள்ளைக் கோட்டில் அவர் விரலைத் துடைக்கிறார். "தண்ணிதானே, மாத்திக்கலாம்." சத்தியபாமா கோட்டை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைக்கூடையில் போடுகிறாள். பிறகு கதவை அகலத் திறந்து பிடித்துக்கொள்கிறாள். "ஓம், மாத்தலாம். முதல்ல நீங்கள் வெளியால போங்கோ." பாஸ்கரின் வாய் மெல்வதை நிறுத்துகிறது.