பென்சில் தடம்

"இதுக்கு என்ன பதில் சொல்றீங்க, மிஸ்டர் ஹேர்ஸ்டன்?"

வெர்னிஸ் டாலிவர் ஒரு பழைய போட்டோ நெகட்டிவை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். சிகாகோவின் தென்பகுதியில் எங்கள் கறுப்பு மக்களின் மியூசியத்தை நடத்துகிறவள். கோபம் வந்தால் ஆள், வயசு எதுவும் பார்க்க மாட்டாள்.

எண்பத்தோரு வயது லீமன் ஹேர்ஸ்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு பெண்ணின் முகம். அதன் மேல் பொடிப்பொடியாய்ப் பென்சில் தடம்.

"நான் போட்டதுதான்."

"பென்சில் போட்டா பிரிண்ட்ல முகம் வெளுக்கும். தெரிஞ்சேதானே செஞ்சீங்க?"

"தெரியாமலா நாப்பது வருஷம் ஸ்டுடியோ நடத்தினேன்?"

அந்த ஸ்டுடியோவை மூடி இருபது வருஷம் ஆகிறது. எல்லாரும் மறந்தே போன மனுஷனுக்கு, மறுநாள் அவருடைய முதல் கண்காட்சி. அதற்கு வருவதற்காக நாற்பத்தேழாம் தெரு அம்மாக்கள் சர்ச்சுக்குப் போடும் தொப்பிகளை எடுத்துத் தூசி தட்டி வைத்துவிட்டார்கள்.

"நம்ம நிறத்தை மாத்தாத கலைஞர்னு ஊர் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன். என் மானத்தை வாங்கிட்டீங்களே!"

"அப்படிச் சொல்லுன்னு நானா கேட்டேன்? இவ பேரு ஐடெல்லா. புருஷன் செத்துட்டான், நாலு பிள்ளைங்க. வேலைக்கு மனுப் போட்டா போட்டோவும் ஒட்டணும். இவ நிறத்தைப் பார்த்தா மனுவைப் படிக்கவே மாட்டாங்க. அழுதா. செஞ்சேன்."

"காரணம் எல்லார்கிட்டயும்தான் இருக்கும். நம்ம நிறத்துல கை வெச்சவரோட படம் என் சுவத்துல ஏறாது. நாளைக்குக் கண்காட்சி இல்ல."

பாவம் பெரியவர், நாளைக்கென்று புது டை வேறு வாங்கி வைத்திருந்தார். தொப்பியையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வாசலில் ஆட்கள் ஏணி போட்டுப் பெரிய பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை இறக்கச் சொல்ல வெர்னிஸும் பின்னாலேயே வந்தாள்.

ஹேர்ஸ்டன் அண்ணாந்து பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இது யாரு?"

"என்ன கேள்வி இது? நீங்கதான்."

அவர் கையுறையைக் கழற்றி, பேனரில் கைக்கெட்டும் உயரத்தில் இருந்த கன்னத்தின் மேல் கையை வைத்தார். கை நல்ல கறுப்பு. கன்னம் பால் காபி நிறம்.

வெர்னிஸ் தடுமாறினாள். "அது... தூரத்துலேர்ந்து பளிச்சுன்னு தெரியணும்னு நான்தான் கொஞ்சம்..."

"ஐடெல்லாவுக்கு நாலு பிள்ளைங்க இருந்துச்சு. இதை நீ யாருக்காகம்மா செஞ்சே?"