மாடி வீட்டுத் தாணம்மாள்

தாணம்மாளுக்கு எதிராக மனுப் போட்டது நேசபாய்தான். அதில் பக்கத்து வீட்டுப் பூங்கனிக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

திங்கட்கிழமை காலையிலேயே நேசபாய் வெள்ளைச் சேலை உடுத்து, குடையும் பையுமாக நாகர்கோவில் பஸ் ஏறினாள். கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள் திங்கட்கிழமை. வியாழக்கிழமை தாணம்மாள் வீட்டு வாசலில் வருவாய்த்துறை ஆர்.ஐ. மேடத்தின் ஸ்கூட்டர் வந்து நிற்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பகையும் பழசு. தாணம்மாளின் பலாமரம் தன் முற்றத்தில் சருகு கொட்டுகிறது என்று நேசபாய் பேச்சை நிறுத்தி நாலு வருஷமாகிறது. அதற்காக, முந்திரிக்கொட்டை தல்லி உடைத்தே முதுகு வளைந்துபோன ஒரு தனிக்கட்டையின் வயிற்றில் அடிக்கலாமா? ஊரே கேட்டது. நேசபாயிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அவள் வாய் என்றால் எல்லாருக்கும் பயம்.

ஆர்.ஐ. ஜின்சி மேடம் புதுசாக மாற்றலாகி வந்தவள். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், மறுபடியும் காகிதத்தைப் பார்த்தாள்.

"தாணம்மாள் வீடு இதுதானா?"

"இதேதான்."

"மாடி எங்க?"

தாணம்மாள் அண்ணாந்து தன் தகரக் கூரையைப் பார்த்தாள். "மேல ஓட்டைதான் உண்டு மேடம். ஏறிப் பாக்கணுமா?"

மேடம் மனுவை வாசித்துக் காட்டினாள். மேற்படி தாணம்மாள் மாடி வீட்டில் ஏசி போட்டுப் படுத்துக்கொண்டு, ஏழைகளுக்கு உள்ள முதியோர் பென்சனை மாதாமாதம் வாங்கி அரசாங்கத்தை ஏமாற்றுகிறாளாம். உடனே நேரில் வந்து விசாரித்து நிறுத்த வேண்டுமாம். இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்.

"ஏசி உள்ளதுதான்" என்றாள் தாணம்மாள். "மழை பெய்யும்போ ஒரு ராத்திரி வந்து படுத்துப் பாருங்க."

வேலியோரம் நின்ற பூங்கனிக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பென்சனுக்காகத் தாணம்மாளைக் கூட்டிக்கொண்டு மூன்று வருஷமாக அலைந்தவள் அவள்தான். ஐந்து தடவை மனு கொடுத்தாயிற்று. ஒரு தடவை ரேஷன் கார்டில் இனிஷியல் தப்பு என்றார்கள். ஒரு தடவை சர்வர் வேலை செய்யவில்லை என்றார்கள். ஒரு தடவை பைலையே காணோம் என்றார்கள். கடைசியில், விசாரணைக்கு ஆள் வரும், வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். தாணம்மாளும் வீட்டிலேயே இருந்தாள். ஒரு ஆளும் வரவில்லை.

"வாங்காத பென்சனை எப்பிடி மேடம் நிறுத்துவிய?" என்று பூங்கனி கேட்டாள்.

மேடம் போனில் பட்டியலைத் தேடினாள். மேலிருந்து கீழே வரைக்கும் தேடினாள். பேர் இல்லை. அதை முதலிலேயே பார்த்துவிட்டு வந்திருக்கலாம்; புகார் என்றதும் யாருக்குத்தான் பட்டியல் பார்க்கப் பொறுமை இருக்கிறது?

இப்போது சங்கடம் மேடத்துக்கு. கலெக்டர் ஆபீஸ் நம்பர் விழுந்த மனு. ஒரு வாரத்தில் பதில் போயாக வேண்டும். இவள் பென்சனே வாங்கவில்லை என்று எழுதினால், இந்த வீட்டில் கிடக்கிறவளுக்கு ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும்.

மேடம் நின்ற நிலையிலேயே எழுதினாள். தகர வீடு. நிலம் இல்லை. ஆதரவு இல்லை. தகுதி உண்டு. கூரை ஓட்டையையும் சேர்த்துப் போட்டோ எடுத்தாள். ஆதார் நகல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள். தாணம்மாள் ஒரு பை நிறைய நகல் கொண்டுவந்து வைத்தாள்.

இருபத்திரண்டாம் நாள் உத்தரவு வந்தது.

தாணம்மாள் காகிதத்தைக் கண்ணில் ஒற்றி, விளக்கு முன்னால் வைத்தாள். வைத்த கையோடு பூங்கனி அதை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று கேட்டதற்கு, ஒருத்தி மூஞ்சி போகிற போக்கைப் பார்க்கணும் என்றாள்.

நேசபாய் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். பூங்கனி உத்தரவை அவள் மூக்குக்கு நேராக நீட்டினாள். சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் படிக்கிறவள் செய்கிற வேலையா இது என்று தொடங்கி, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள்.

"நீ கெடுக்கப் பாத்த. அவளுக்குக் கெடைச்சிட்டு. பாத்தியாக்கா?"

நேசபாய் வாரியலைச் சுவரில் சாத்தினாள். கண்ணாடி எடுத்துப் போட்டு, உத்தரவை ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். தேதியை விரல் விட்டு எண்ணினாள்.

"இருவத்திரண்டு நாளா? நான் ஒரு மாசமாவது ஆவும்னுல்லா நெனச்சேன்."

"நெனச்சியா?" என்றாள் பூங்கனி.

"குடுங்கன்னு அஞ்சு மனுப் போட்டியளே, ஒரு நாய் எட்டிப் பாத்துதா? நிறுத்துங்கன்னு நான் ஒண்ணே ஒண்ணு போட்டேன். மூணே நாளுல ஸ்கூட்டர் வந்து நின்னுது." நேசபாய் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "ஏட்டி, அவகிட்ட மட்டும் சொல்லிராத. சொன்னா ராசியாவலாம்னு வந்து நிப்பா. இது வேற, சருகுக்கு உள்ள சண்டை வேற."

பூங்கனி தலையாட்டிவிட்டு உத்தரவை மடித்தாள்.

"அது கெடக்கட்டும் மக்கா. உனக்க விதவைப் பென்சன் மனு எந்த மட்டுல நிக்கு?"

அதுவும் ரெண்டு வருஷமாக, விசாரணைக்கு ஆள் வரும், ஆள் வரும் என்றேதான் நிற்கிறது. பூங்கனி தெருவின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நேசபாயின் காதோரம் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"வார திங்கக்கிழமை எனக்கும் ஒண்ணு போட்டிரு அக்கா. மாடி மட்டும் போராது. ஒரு காரும் சேத்து எழுது."