உச்சிக் கம்பி

1936ல் புதுச்சேரியின் மடத்துப் பள்ளி ஒன்றில், சிறுமிகள் ஏறி விளையாட இரும்புச் சட்டம் நட்டார் கொல்லர் கன்னியப்பன். கடலோர மணலை நம்பாமல் இடுப்பளவு குழி வெட்டி, நான்கு கால்களையும் சுண்ணாம்புக் காரையில் இறுக்கினார். காரை காயும் வரை சுற்றிலும் முள் கட்டி வைத்தார்.

சோதனை நாளன்று உச்சிக் கம்பியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நேர்கீழே தரையில் பதித்த கல்லில் கோடு கிழித்தார். பன்னிரண்டு சிறுமிகள் ஒரே பக்கமாக ஏறியதும் குண்டு கோட்டைவிட்டு ஒரு விரல் விலகியது. அவர்கள் இறங்க இறங்கக் கோட்டை நோக்கித் திரும்பியது.

“பன்னெண்டு பேரும் எறங்கிட்டாங்க” என்றார் கன்னியாஸ்திரி.

குண்டு இன்னும் சற்று விலகியே நின்றது. காற்று இல்லை. காரையில் கீறலும் இல்லை.

“செத்த இருங்க மாசேர்” என்று கன்னியாஸ்திரியிடம் சொன்ன கன்னியப்பன், ஆளில்லாத உச்சிக் கம்பியை அண்ணாந்து பார்த்தார். “பாத்து எறங்கும்மா.”

சட்டத்துக்கு ஐந்து படிகள். குண்டு ஐந்து முறை நின்று நின்று கோட்டுக்கு வந்தது.