இடது தோள்

“இன்னொருக்கா அடியுங்கோ, அத்தான். இது காணாது.”

வாய்க்குள் திணித்திருந்த துவாயைத் துப்பிவிட்டுத்தான் நிசாந்தன் இதைச் சொன்னான். அக்காவின் புருசன் வின்சன்ற் கிரிக்கெட் மட்டையை மறுபடி ஓங்கினார். மட்டையைச் சுற்றிக் கார் பெல்ட் துண்டொன்றை இறுக்கிக் கட்டியிருந்தார். விழுந்த அடியில் நிசாந்தன் கராஜ் சுவரோடு மோதிச் சரிந்தான்.

இருவருக்கும் பகை ஒன்றும் இல்லை. எல்லாம் பேசி வைத்து நடந்த காரியம். நிசாந்தனின் விசிற்றர் விசா முடியப்போகிறது. திரும்பி ஊருக்குப் போனால் அங்கே வாளோடு காத்திருக்கிற கூட்டம் அவனை வெட்டிப் போட்டுவிடும்; தமையனை ஏற்கெனவே வெட்டியாயிற்று.

நேற்றுப் பின்னேரம் அத்தானின் கார் அடிபட்டு வந்தது. மான் ஒன்று குறுக்கே பாய்ந்ததாம். முன் கண்ணாடி நடுவில் நொறுங்கிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அத்தானுக்கு இந்த யோசனை வந்தது.

“நீயும் எனக்குப் பக்கத்தில இருந்தனி எண்டு சொல்லுவம். எலும்பு, மூட்டுப் பாக்கிற கைரோபிராக்ரர் காயத்தைப் பதிஞ்சு தந்தால் இன்சூரன்ஸ் உனக்கு மாசக்கணக்கா வைத்தியம் பாக்கவேணும். வைத்தியம் நடக்கேக்கை உன்னை ஒருத்தரும் அனுப்பமாட்டாங்கள்.”

சட்டம் அப்படித்தான் சொல்கிறதா என்று விசாரிக்க நிசாந்தனுக்கு ஆளும் இல்லை, பாஷையும் இல்லை. கும்பிடாத குறையாகச் சம்மதித்தான்.

“ஊரில, காரில டிரைவருக்குப் பக்கத்தில இருந்தால் பெல்ட் எந்தத் தோளால வரும்?” என்று அடிக்கத் தொடங்குமுன் அத்தான் கேட்டிருந்தார்.

“இடது தோளால.”

“அப்ப சேட்டைக் கழட்டு. இடது தோள்.”

கராஜுக்குள் சரியான வெக்கை. அத்தானுக்கு வியர்வை ஒழுகியது. ஆனாலும் கழுத்துவரை பூட்டிய ஜக்கெற்றை அவர் கழற்றவில்லை. மட்டையையும் வலது கையால் மட்டுமே வீசினார்.

அடுத்த அடியில் காறையெலும்பு ‘டக்’ என்றது. நிசாந்தன் மறுபடி வாய்க்குள் திணித்த துவாயைக் கடித்துக்கொண்டு குழறினான். இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை தோல் கிழிந்து இரத்தம் கசிந்தது.

“இப்ப சரி” என்றார் அத்தான்.

மத்தியானமே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். கைரோபிராக்ரரான டொக்டர் சந்திரவதனா அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நிசாந்தனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

“தம்பி, தோளில கை வைக்கட்டோ? நீங்கள் ஓம் எண்டால்தான் நான் தொடலாம். இங்க அதுதான் சட்டம்.”

அத்தானும் கேட்டுவிட்டுத்தானே அடித்தார் என்று நினைத்ததும் நிசாந்தனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “ஓம், டொக்டர்.”

விரல் பட்டதும் அலறிவிட்டான். டொக்டர் கையை எடுத்துவிட்டார். கண்ணால் மட்டும் அந்தக் காயத்தைத் தோளிலிருந்து இடுப்புவரை பார்த்துக்கொண்டு வந்தார். அவர் முகம் மாறியது.

“எலும்பு உடைஞ்சிருக்கு, நேர ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். அதுக்கு முதல் ஒண்டு சொல்லுங்கோ. காரில எங்க இருந்தனீங்கள்?”

“டிரைவருக்குப் பக்கத்தில.”

“பொய் சொல்லாதேங்கோ. இந்த நாட்டில டிரைவர் இருக்கிறது இடப்பக்கம். பக்கத்தில இருக்கிறவருக்குப் பெல்ட் வலது தோளால வரும். இது டிரைவருக்கு விழுற காயம். கண்டதை மாத்தி எழுதி என்ர லைசென்ஸைத் துலைக்க ஏலாது.”

அப்போது கதவு திறந்தது. இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற அத்தான் அவனை நோக்கி விரலை நீட்டினார்.

பொலிஸ்காரர் ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டுவிட்டு டொக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

“நேற்றுப் பின்னேரம் வோபர்ன் பக்கத்து றோட்டில ஒரு மனிசியை அடிச்சுப்போட்டு நிக்காமல் போனது உங்கட அத்தான்ர காராம். அந்த மனிசி செத்துப்போச்சுது. காரைக் களவா எடுத்து ஓடினது நீங்கள் எண்டு இவர்தான் இப்ப பொலிஸைக் கூப்பிட்டுச் சொன்னவராம். காயம் சாட்சியாம்.”

அப்படியானால் மான் ஒன்றும் பாயவில்லை. எந்தத் தோளென்று அத்தான் தெரிந்துதான் கேட்டிருக்கிறார்! நிசாந்தன் மேசையைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து அத்தானின் குரல்வளையைப் பிடித்தான்.

ஒரு கணம்தான். பொலிஸ்காரர் இருவரும் அவனைத் தூக்கி நிலத்தில் அடித்தார்கள். ஒருவனின் முழங்கால் உடைந்த எலும்பின் மேல் ஏறியது. மற்றவன் கைகளை முறுக்கி விலங்கு போட்டான். நிசாந்தன் குழறிய குழறலில் வெளியே இருந்த நோயாளிகள் எழுந்து ஓடினார்கள்.

அத்தான் குனிந்தார். காதோடு, பிள்ளைக்குச் சொல்வது போல, மெல்லச் சொன்னார்.

“நான் சொன்னனான்தானே. இனி உன்னை ஒருத்தரும் அனுப்பமாட்டாங்கள்.”

நிமிர்ந்தவர், நெற்றி வியர்வையைத் துடைக்க இடது கையைத் தூக்கினார். கை நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு வலது கையால் துடைத்தார்.

டொக்டர் சந்திரவதனா அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பொலிஸ்காரரிடம் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு வாசலை மறித்து நின்றுகொண்டு, மரியாதையாகவே கேட்டார்.

“அண்ணை, உங்கட ஜக்கெற்றையும் ஒருக்காக் கழட்டுங்கோ.”