பதினோரு மணி சத்தம்

மாடிப்படி ஏறும்போதே டிவி சத்தம் காதைப் பிளந்தது.

"எந்த வீட்டுலடா இப்படி அலற விடறாங்க?" என்று முணுமுணுத்தபடி வந்த அக்கா, அது தன் தம்பி வீடுதான் என்று தெரிந்ததும் கதவைத் தட்டவில்லை, இடித்தாள்.

தம்பி வந்து திறந்தான். லிஃப்ட் மெக்கானிக். வேலை நாளில் காலை பதினோரு மணிக்கு வீட்டில் இருந்தான்.

"வேலைக்குப் போகலையா?"

"செவ்வாய்க்கிழமைன்னா அரை நாள் லீவுக்கா."

"அவ எங்க?"

"உள்ள. லேப்டாப்ல பிசியோதெரபி கிளாஸ். வீட்டுல இருந்தபடியே பயிற்சி."

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. தம்பி மனைவிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்பு மேல் இருக்கும் உறை தேய்ந்துபோகிற வியாதி. கால் மரத்துப்போய், பல் கிளினிக்கில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டாள் என்பது வரை அக்காவுக்குத் தெரியும்.

டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். தம்பி சோபாவில் போய் உட்கார்ந்தான். டிவியைப் பார்க்கக்கூட இல்லை. உள்ளங்கையில் வைத்திருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள். குரலுக்குக் கேட்கவா வேண்டும்!

"உடம்பு முடியாதவ உள்ள பயிற்சி பண்றா. நீ இங்க நாலு பேரைச் சண்டை போட விட்டுட்டு போனை நோண்டிட்டு இருக்க. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

"கொஞ்சம் மெதுவா பேசுக்கா."

"நான் மெதுவா பேசணுமா? உன் டிவிகிட்ட சொல்லுடா அதை!"

சொல்லிக்கொண்டே ரிமோட்டை எடுத்தாள்.

"அக்கா, வேண்டாம்!"

அவன் பாய்ந்து வருவதற்குள் அமுக்கிவிட்டாள். வீடு கப்பென்று அடங்கியது.

அந்த அமைதியில், கதவைத் தாண்டி அவன் மனைவியின் குரல் தெளிவாக வந்தது.

"...பகல்ல எப்படியோ சமாளிச்சுக்கறேன் மேடம். ராத்திரிதான் பயம். தூக்கத்துல படுக்கை நனைஞ்சிடுமோன்னு, இவர்கிட்ட தூக்கம் வரலைன்னு பொய் சொல்லிட்டு சோபாவுக்கு வந்துடறேன். பக்கத்துல படுத்தே நாலு மாசம்..."

குரல் சட்டென்று நின்றது.

"சொல்லுங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றது லேப்டாப்பில் ஒரு குரல்.

"இல்ல மேடம். ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

தம்பி ரிமோட்டை வாங்கி டிவியைப் போட்டான். முன்னைவிடச் சத்தமாக வைத்தான். பிறகு அக்காவின் காதருகே குனிந்தான்.

"கால் மட்டும் இல்லக்கா. சிறுநீரை அடக்க முடியறதில்ல. கிளினிக்ல ஒருநாள் நாற்காலியே நனைஞ்சுபோச்சு. கடைசி ஆள் போற வரைக்கும் எந்திரிக்காமலே உக்காந்திருந்தாளாம். மறுநாள்லேர்ந்து போகலை."

அக்கா மெதுவாக உட்கார்ந்தாள்.

"இடுப்புக்கு அடியில இருக்கற தசையை இறுக்கி, தளர்த்தி பலப்படுத்தற பயிற்சி இது. எப்பெப்ப கசியுது, எவ்வளவு நேரம் அடக்க முடியுதுன்னு அந்த மேடம் கேப்பாங்க. உள்ளதைச் சொன்னாதானே அவங்க அதுக்குத் தகுந்த மாதிரி சொல்லித்தர முடியும்? முதல் மூணு வாரம் நான் இங்க சும்மா பேப்பர் படிச்சிட்டு இருந்தேன். எதைக் கேட்டாலும் 'நல்லா இருக்கு மேடம்'னே சொன்னா. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குண்டூசி விழுந்தாக்கூட கேக்கும்."

"அதுக்கு நீ வெளிய போயிருக்கலாமேடா?"

"எந்திரிக்கும்போது கால் வாரி விட்டுடுது. ரெண்டு தடவை விழுந்துட்டா. ஏதாவதுன்னா போன் அடி, டிவி சத்தத்துல எனக்குக் காது கேக்காதுன்னு சொல்லி வச்சிருக்கேன்." கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டான். "எனக்கு டிவி பைத்தியம்னு நினைச்சிட்டு இருக்கா. நினைக்கட்டும். சத்தம் வச்சதுக்கப்புறம்தான் மனசு விட்டுப் பேசறா. போன வாரம் தனியா கடைக்குப் போயிட்டு வந்தாக்கா. அந்த முகத்தை நீ பாத்திருக்கணும்."

பேச்சை நிறுத்திவிட்டு, தான் உட்கார்ந்திருந்த சோபாவைத் தடவினான்.

"தூக்கம் வரலைன்னு அவ சொன்னதை நம்பிட்டேன். இந்த விஷயம் எனக்கே இப்பதான் தெரியும்."



கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. தம்பி டிவி சத்தத்தைக் குறைத்தான். கைத்தடியை ஊன்றியபடி அவள் வெளியே வந்தாள். நாத்தனாரைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

"அண்ணி... எப்ப வந்தீங்க?"

"வந்து கால் மணி நேரம் ஆச்சு."

கைத்தடியைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. கணவனைப் பார்க்காமல், நாத்தனாரிடம் மட்டும் மெல்லக் கேட்டாள்.

"நடுவுல டிவி நின்னுச்சே அண்ணி... உள்ள நான் பேசுனது ஏதாவது கேட்டுச்சா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

அக்கா எழுந்து அவள் பக்கத்தில் போய், கையைக் காதோரம் குவித்து வைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"என்னம்மா? கொஞ்சம் சத்தமா சொல்லு. எனக்கு இப்பல்லாம் காது சுத்தமா கேக்கறதில்ல. சத்தம் பத்தலைன்னு கூட்டப் போய், நான்தான் ரிமோட்டைப் போட்டு அமுக்கி, அந்த டிவியை நிறுத்தித் தொலைச்சேன். அதுக்குப் போய் இவன் என்னைத் திட்டறான் பாரு!"