மாசக் கடைசியில் வா

“காலைக்கு ‘தி’ உண்டு, ராத்திரிக்குக் கிடையாதா? ராத்திரி என்ன பாவம் பண்ணுச்சு டீச்சர்?”

மெக்கானிக் கேட்டதும் வகுப்பே சிரித்தது. மருந்துக்கடைக்கு மேலே மாடியறையில் நடக்கும் அந்த ஆங்கில வகுப்பில் ஐம்பத்தாறு வயது மாணவர் அவர் ஒருவர்தான். பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிறவர். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது.

“‘இன் தி மார்னிங்’, ஆனா ‘அட் நைட்’. ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது சார். அப்படியே மனசுல போட்டுக்கங்க” என்றாள் டீச்சர்.

மகளுக்குக் கடிதம் எழுதத்தான் அவர் படிக்க வந்தார். மூன்று வயதில் அம்மாவோடு வெளிநாடு போனவள். தமிழ் அறவே தெரியாது. மனைவியோடு முறிந்தபோது மகளும் கையை விட்டுப் போய்விட்டாள். வேறு யாரையாவது எழுதச் சொல்லலாமே என்று டீச்சர் ஒருமுறை கேட்டதற்கு, இருபது வருஷம் பேசாத அப்பன் முதல் வார்த்தையை இரவல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் தேதி, எல்லாரும் போன பிறகு, நாலாக மடித்த தாளை நீட்டினார். தட்டுத் தடுமாறிய ஆங்கிலம். உன் நினைவாகவே இருக்கிறேன், அப்பாவை மன்னித்துவிடு என்று எழுதியிருந்தார். முடிவில், வந்து என்னோடு இரு என்பதற்குப் பிறகு, ‘தி லாஸ்ட் மன்த்’ என்றிருந்தது.

டீச்சர் சிரித்துக்கொண்டே ‘தி’யை அடித்தாள். “இங்க ‘தி’ வராது சார். ‘லாஸ்ட் மன்த்’னா போன மாசம். போன மாசத்துக்கு அவ எப்படி வருவா? மாசக் கடைசியில வரச் சொல்றீங்க, அதானே?”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உங்களுக்குத் தெரியாத இங்கிலீஷா. நீங்க சொல்றபடியே போடுங்க.”

மாசக் கடைசியில் வா என்று அவளே ஆங்கிலத்தில் திருத்திக் கொடுத்தாள். மறுநாளே தபாலில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். பத்து நாள் போல வகுப்புக்கு வந்தார்; அப்புறம் ஆளைக் காணோம். மகள் வரப்போகிறாள், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முப்பதாம் தேதி மாலை, தோளில் பையோடு ஒரு பெண் படியேறி வந்தாள். அவருடைய அதே மூக்கு, அதே நெற்றி. டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தாள்.

அப்பா முந்தாநாள் இறந்துவிட்டார் என்றாள் அந்தப் பெண், ஆங்கிலத்தில். கடிதம் கிடைத்த அன்றே கிளம்பத் துடித்தாளாம்; மாசக் கடைசியில் வா என்று எழுதியிருந்ததால் பொறுத்துக்கொண்டாளாம். எதற்காகத் தன்னைக் காக்க வைத்தார், உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்டபடி, அவருடைய வகுப்பு நோட்டுக்குள் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள்.

சீட்டில் இரண்டாம் தேதி. மிஞ்சிப் போனால் ஒரு மாதம் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

மெக்கானிக்கின் ‘தி’ சரியாகத்தான் இருந்திருக்கிறது. மகளை அவர் அழைத்தது மாசக் கடைசிக்கு அல்ல, தன் கடைசி மாசத்துக்கு.