தங்கை எடுத்த துணி

"இது வேண்டாம், இடுப்புல இறுக்கும்" என்று தங்கை அந்தக் கவுனையும் தள்ளி வைத்தாள். மேடிட்ட வயிற்றோடு வந்திருந்த அக்கா, கடை நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

விற்பனைப் பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது. மாசமாக இருப்பவளை வாய் திறக்க விடாமல் இப்படியா நாட்டாமை பண்ணுவது?

"போட்டுக்கப் போறது அவங்கதானே? அவங்களுக்குப் பிடிச்சதை எடுக்கட்டும், விடுங்கம்மா."

தங்கையின் முகம் வாடிவிட்டது. கையிலிருந்த துணியை வைத்துவிட்டுக் கடை வாசலில் போய் நின்றுகொண்டாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் அக்கா மெதுவாக. "கட்டி வந்து அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. நான் சுமக்கிறது அவ பிள்ளையை. இந்தத் துணியைப் போட்டுக்கத்தான் அவளுக்குக் கொடுத்து வைக்கல. ஆசை தீர எடுக்கவாவது செய்யட்டுமே."

விற்பனைப் பெண் மேல்தட்டிலிருந்த மெத்தென்ற பருத்திக் கவுன்களை அள்ளிக்கொண்டு வாசலுக்கே போனாள்.

"இதெல்லாம் தொட்டுப் பாருங்க, உறுத்தவே உறுத்தாது. உங்களுக்கு எத்தனாவது மாசம்மா?"

தங்கை ஒரு கவுனை வாங்கி விரல்களால் தடவிப் பார்த்தாள்.

"ஏழு நடக்குதுங்க" என்றாள்.